பலகையும் சிலேட்டும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் முஸ்லிம் சிறுவரின் ஆரம்பக் கல்வி வரலாறாகும். சமயக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒரு சிறு பிள்ளைக்கு எங்ஙனம் இசைவுற ஊட்டுவது என்னும் வினா, இலங்கை முஸ்லிம்களிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுந்துகொண்டிருக்கின்றது. ஒரு தலைமுறையினர் அதற்கு ஒரு விடை காண்கின்றனர். அடுத்த தலைமுறையினர், அப்படியொரு விடை காணப்பட்டதையே மறந்து, மீண்டும் அவ்வினாவை முதலிலிருந்து எழுப்புகின்றனர். மறதியே நமது பெருங்குறை. அதனாலேயே இவ்வரலாற்றை மீட்டு நோக்குதல் பயனுடையதென எண்ணுகின்றேன்.

வரலாற்றினுள் நுழையுமுன் ஒரு வீட்டுச் செய்தியைச் சொல்ல அனுமதி வேண்டுகின்றேன். என் உம்மம்மா கிழக்கு மாகாணத்து வயற்கிராமம் ஒன்றிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்தவர். சிறு வயதில் லெப்பையிடம் ஓதியவர். திருக்குர்ஆனைத் தடையின்றி ஓதுவார். அத்துடன் அறபுத் தமிழ் நூல்களையும் வாசிப்பார். இராக் காலங்களில் அயலிலுள்ள பெண்கள் பாய் விரித்துச் சூழ்ந்திருக்க, அவர் விளக்கருகே அமர்ந்து வாசித்துப் பொருள் சொல்லுவார். அறுவடைக் காலத்தில் எத்தனை மூடை நெல், அதில் முள்ளைக்காரனுக்கு எவ்வளவு, ஸகாத் எவ்வளவு என்பதையெல்லாம் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்.

அத்தகைய பெண்மணி ஒருநாள் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் ஓர் உறுதியிலே பெருவிரல் அடையாளம் வைத்தார். தம் தந்தை தமக்கு அளித்த வயற்காணியில் ஒரு பாதியை உறவினர் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கின்றோம் என்பதே அவர் எண்ணம். சில ஆண்டுகள் கழித்து, உறுதியில் முழுக் காணியும் எழுதப்பட்டிருந்தமை தெரிய வந்தது. வாயாற் சொல்லப்பட்டது ஒன்று. தாளில் எழுதப்பட்டது வேறொன்று. நேயர்களே, அவர் எழுத்தறியாதவர் அல்லர். அவர் அறிந்த எழுத்தைக் கந்தோர் அறியவில்லை. கந்தோர் அறிந்த எழுத்தை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. இந்த இடைவெளியிலே ஒரு வயல் போய்விட்டது.

இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று? அதை மூட எவரெவர் முயன்றனர்? இவையே இன்றைய பேச்சின் வினாக்கள்.

இஸ்லாத்தில் கல்விக்குரிய இடம் யாவரும் அறிந்ததே. நபிகள் நாயகம் அவர்களுக்கு இறங்கிய முதல் வசனங்களே வாசிக்கும்படி ஏவுவனவாகவும், எழுதுகோலை நினைவூட்டுவனவாகவும் அமைந்தன. ஆயின் இங்கு நான் எடுத்துக்காட்ட விரும்புவது, பலரும் கேட்டிருந்தும் ஆழ்ந்து எண்ணாத ஒரு நிகழ்ச்சியையாகும். கி.பி. 624ஆம் ஆண்டில் நிகழ்ந்த பத்ருப் போரின் முடிவில், மக்கா நகரத்தார் பலர் மதீனாவிற் சிறைப்பட்டிருந்தனர். மீட்புப்பணம் செலுத்த வழியில்லாதவராய், எழுத்து மட்டும் அறிந்தவராய் இருந்த கைதிகள், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே அவர்தம் மீட்புப்பணமாகக் கொள்ளப்படும் என்று விதிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளனர். பின்னாளில் திருக்குர்ஆனைத் தொகுத்தெழுதும் பெரும்பணியை ஏற்ற ஸைத் இப்னு ஸாபித் அவர்களும் அவ்வாறு எழுத்தறிந்த சிறுவருள் ஒருவர் என்று ஒரு மரபு கூறும்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அச்சிறுவருக்கு அரிச்சுவடி கற்பித்த ஆசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர். முஸ்லிம்களை எதிர்த்து வாளேந்தி வந்தவர்கள். எழுத்து எவரிடமிருந்து வரினும் எழுத்தே என்று கருதும் துணிவு அந்த முதற் சமுதாயத்துக்கு இருந்தது. பிற்காலத்தில் நாம் கண்ட தயக்கங்களுக்கு இந்நிகழ்ச்சி நல்லதோர் அளவுகோலாகும்.

இஸ்லாம் பரவிய நாடுகளிலெல்லாம் சிறுவர் பள்ளிகள் தோன்றின. அவற்றைக் குத்தாப் என்றும் மக்தப் என்றும் வழங்கினர். இரண்டு பெயர்களும் எழுதுதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தவை. அங்கே முதலிற் கற்பிக்க வேண்டியது எது என்னும் வாதம் அன்றே இருந்தது. தூனிஸ் நகரில் 1332ஆம் ஆண்டு பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், 1377ஆம் ஆண்டளவில் எழுதிய தமது வரலாற்று முன்னுரை நூலில், இப்பொருள் பற்றித் தனியே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். மக்ரிப் நாட்டார் பிள்ளைகளுக்குத் திருக்குர்ஆனை மட்டுமே கற்பித்து, அது முடியும்வரை வேறெதனையும் கலப்பதில்லை என்கின்றார். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்களோ திருக்குர்ஆனை அடிப்படையாகக் கொண்டபோதும், அதனுடன் கவிதையையும் உரைநடையையும் இலக்கணத்தையும் அழகிய கையெழுத்தையும் சேர்த்தே கற்பித்தனர் என்கின்றார். முன்னவர் மொழியாற்றலிற் பின்தங்கினர் என்பதும், பின்னவர் அதில் மேம்பட்டு நின்றனர் என்பதும் அவர் கண்ட முடிவு.

இவ்விடத்தில் அவர் மற்றொரு கருத்தையும் எடுத்துரைக்கின்றார். செவில் நகரத்து நீதியரசர் அபூபக்ர் இப்னுல் அறபி என்பார், பிள்ளைக்கு முதலில் மொழியையும் கவிதையையும், பின்னர் கணக்கையும் கற்பித்து, அதன் பிறகே திருக்குர்ஆனைத் தொடங்குவது நன்று. பொருள் புரியாமல் ஓதுவதை அது தவிர்க்கும் என்று கூறினார். இது நல்ல முறையே என்று இப்னு கல்தூன் ஒப்புக்கொள்கின்றார். ஆயினும் வழக்கம் இதற்கு இடந்தராது என்கின்றார். காரணம் என்ன? பிள்ளை சிறுவனாக இருக்கும்வரையே பெற்றோர் சொல்லுக்கு அடங்கி நிற்கும். வளர்ந்த பின் எந்த அலை எங்கே இழுத்துச் செல்லுமோ தெரியாது. ஆகவே கையில் இருக்கும்போதே வேதத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். இன்றும் என் பாடசாலைக்கு வரும் பெற்றோர் இதையே கூறுகின்றனர். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அச்சம் மாறவில்லை. அது அறியாமை அன்று. அன்பிலிருந்து பிறக்கும் அச்சம். கல்வியைத் திருத்த முற்படுவோர் முதலில் அதனை மதிக்கக் கற்றல் வேண்டும்.

அதே நூலில், பிள்ளைகளை அடித்துக் கற்பித்தலின் கேட்டையும் அவர் விரித்துரைத்துள்ளார். கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை ஊக்கம் இழக்கும், சோம்பலுறும், அடிக்கு அஞ்சிப் பொய் பேசும், நாளடைவில் வஞ்சகமே அதன் இயல்பாகிவிடும் என்பது அவர் கருத்து. பிரம்பைச் சமயத்தின் பெயரால் நியாயப்படுத்துவோர் இம்முஸ்லிம் அறிஞரின் சொல்லைக் கேட்டல் நலம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வீட்டுமொழி தமிழ். எனவே இங்கு மக்தபிற் சேரும் பிள்ளை தான் அறியாத ஒரு மொழியின் எழுத்தையே முதலிற் கற்கின்றது. இந்த இடர்ப்பாட்டை நம் முன்னோர் உணராமலில்லை. அதற்கு அவர்கள் கண்ட வழியே அறபுத் தமிழ். அறபு எழுத்திலே தமிழ்மொழியை எழுதுவது அம்முறை. அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளிற் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை அமைத்துக்கொண்டனர். திருக்குர்ஆன் ஓதுவதற்காக எழுத்துக் கற்ற பிள்ளை, அதே எழுத்தைக் கொண்டு தன் தாய்மொழியிற் சமயச் சட்டங்களையும் வரலாறுகளையும் வாசித்தறிய இதனால் வழி பிறந்தது. கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள், 1816 முதல் 1898 வரை வாழ்ந்தவர், இத்துறையிற் பெருநூல்கள் இயற்றினார். அவர் இலங்கைக்குப் பலமுறை வந்து சென்றவர். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் அவர் நூல்களைப் பெண்கள் விரும்பி வாசித்தனர். என் உம்மம்மாவின் கல்வியும் அம்மரபின் வழிவந்ததே.

பெண்களுக்கு வீட்டினுள்ளேயே கல்வி கொடுத்த பெருமை அறபுத் தமிழுக்கு உண்டு. இதனை நன்றியோடு நினைத்தல் வேண்டும். ஆயின் அந்த எழுத்து வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. கந்தோர், நீதிமன்றம், தபாற்கந்தோர், புகைவண்டி நிலையம் ஆகிய இடங்களில் அதற்கு வழக்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் அவ்விடங்களை நோக்கியே நகர்ந்தது.

பிரித்தானிய அரசினர் 1869ஆம் ஆண்டிற் பொதுப் போதனைப் பகுதியை நிறுவினர். அதன்பின் தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசாங்க உதவிப்பணம் ஒழுங்காகக் கிடைத்தது. அவ்வுதவியைப் பெறும் ஆயத்தத்தோடு அன்று நின்றவர்கள் கிறித்தவ மிசனரிமாரே. நல்ல கட்டடம், பயின்ற ஆசிரியர், அச்சிட்ட நூல், ஆங்கிலக் கல்வி ஆகிய யாவும் அவர்தம் பள்ளிகளில் இருந்தன. அவற்றோடு அவர்கள் சமயப் போதனையும் இருந்தது. முஸ்லிம் தந்தையர் தயங்கினர். எழுத்தைக் கொடுத்து நம்பிக்கையை வாங்கிக்கொள்வார்களோ என அஞ்சினர். ஆதலாற் பிள்ளைகளைக் குர்ஆன் பள்ளியோடு நிறுத்தி, ஆண்பிள்ளைகளைக் கடையிலும் வயலிலும் இறக்கினர். பெண்பிள்ளைகளை வீட்டில் இருத்தினர்.

இத்தயக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், சிறுவருக்கெனப் பாலபாடங்களை எழுதியதும் இதே அச்சத்துக்கு மறுமொழியாகவே. பௌத்தர்கள் 1880ஆம் ஆண்டிற் கேணல் ஒல்கொட் வந்த பின்னர் பிரமஞான சங்கத்தின் வாயிலாகப் பள்ளிகள் திறந்தனர். 1886ஆம் ஆண்டில் ஆனந்தாக் கல்லூரி தோன்றியது. அயலார் எழுப்பும் கட்டடத்தைக் குறைகூறிக்கொண்டு நிற்பதை விடுத்து நாமே ஒன்றை எழுப்புவோம் என்பதே இவர்கள் கண்ட விடை. முஸ்லிம்களுள் அவ்விடையைக் கண்டவர் அறிஞர் சித்தி லெப்பை அவர்கள்.

முகம்மது காசிம் சித்தி லெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தார். தொழிலாற் சட்டத்தரணி. அறபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளை அறிந்தவர். 1882ஆம் ஆண்டின் இறுதியில் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அசன்பேயுடைய கதை தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. ஆயினும் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியையும் கைப்பொருளையும் செலவிட்டது கல்விக்காகவே. இந்தியாவில் சேர் செய்யத் அஹ்மத் கான் 1875ஆம் ஆண்டில் அலிகாரிலே தொடங்கிய கல்விப்பணிக்கு இணையாக நம் நாட்டில் எண்ணத்தக்கது இவர் முயற்சியே. இருவருக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. அலிகாரின் நோக்கம் பெரிதும் உயர்கல்வியை நாடி நின்றது. சித்தி லெப்பை அடியிலிருந்து தொடங்க விரும்பினார். அரிச்சுவடிப் பிள்ளைகளுக்கான பாடநூல்களைத் தாமே எழுதினார்.

இவ்வேளையில் எதிர்பாராத ஒரு துணை கடல் கடந்து வந்தது. எகிப்திலே அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் படை திரட்டிய அஹ்மத் ஒறாபி பாஷா, 1882ஆம் ஆண்டு செப்டெம்பரில் தெல் எல் கெபீர் என்னுமிடத்தில் தோல்வியுற்று, இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். 1883ஆம் ஆண்டு சனவரியிற் கொழும்பில் இறங்கியவர், 1901ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் வாழ்ந்தார். அவர் கிராமத்துச் சிறுவனாய்த் திருக்குர்ஆன் ஓதி, பின்னர் கெய்ரோவின் அல்அஸ்ஹரிற் சில காலம் பயின்று, அதன்பிற் படைத்துறையிற் சேர்ந்தவர். பழைய கல்வியையும் புதிய உலகத்தையும் தம் வாழ்விலேயே சந்தித்தவர். அத்தகைய ஒருவர் ஆங்கிலமும் உலகக் கல்வியும் கற்பது இஸ்லாத்துக்குப் பகையன்று என்று சொன்னபோது, அதனை எளிதில் தட்டிக்கழிக்க எவராலும் இயலவில்லை.

1884ஆம் ஆண்டிற் கொழும்பிலே சித்தி லெப்பை ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது நீடிக்கவில்லை. ஆதரவு தளர்ந்தது, பணம் தட்டுப்பட்டது. ஆங்கிலம் படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்போர் ஒருபுறம்; படித்து என்ன பயன், கடை நடத்தக் கணக்குத் தெரிந்தாற் போதாதா என்போர் மறுபுறம். அவர் சோர்ந்தாரிலர். 1891ஆம் ஆண்டளவிற் கண்டியிலே பெண்பிள்ளைகளுக்கெனவும் ஒரு பள்ளியைத் திறந்தார். அதனைப் பொறுப்பேற்று நடத்த வெளியாரைத் தேடாமல் தம் சகோதரியாரையே அமர்த்தினார். பிறர் வீட்டுப் பெண்களுக்கு உபதேசம் செய்வதற்குமுன் தம் வீட்டிலிருந்து தொடங்கிய அச்செயலை, ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் பெரிதும் மதிக்கின்றேன்.

1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கொழும்பு மருதானைப் பள்ளிவாசலின் பக்கத்திலே அல் மத்ரசதுஸ் ஸாஹிறா திறக்கப்பட்டது. ஒறாபி பாஷாவின் ஆதரவும், சித்தி லெப்பையின் அறிவும், வாப்பிச்சி மரைக்கார் அவர்களின் கொடையும் அங்கு ஒன்றுகூடின. வாப்பிச்சி மரைக்கார் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவரும் அவரே. அரண்மனை போன்ற அக்கட்டடத்தை எழுப்பிய கைகளே இச்சிறு பள்ளியையும் எழுப்பின. பள்ளிவாசலுக்கு அருகே பாடசாலை அமைந்தமையைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. இங்கிருந்து அங்கே போகப் பிள்ளை தெருவைக் கடக்க வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து. பிற்காலத்தில் அதுவே ஸாஹிறாக் கல்லூரியாய் வளர்ந்தது.

சித்தி லெப்பை 1898ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வாழ்நாளிற் கண்ட பயன் சிறிதே. ஆயினும் அவர் வகுத்த வழியிற் பின்வந்தோர் நடந்தனர். ரி. பி. ஜாயா அவர்கள் 1921ஆம் ஆண்டு முதல் 1948ஆம் ஆண்டு வரை ஸாஹிறாவின் அதிபராய் இருந்து, அதனை நாட்டின் முதன்மையான கல்லூரிகளுள் ஒன்றாக உயர்த்தினார். அவரைத் தொடர்ந்து வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1961ஆம் ஆண்டு வரை அப்பதவியை வகித்தார். அஸீஸ் வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். தம் பிள்ளைப்பருவத்தில் வேற்றுச் சமயத்தார் பள்ளியிற் கற்ற அவரே, பின்னர் முஸ்லிம் கல்லூரி ஒன்றின் கதவை எல்லாச் சமயத்தாருக்கும் திறந்து வைத்தார். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி போன்றோர் அங்கே பயின்றவர்களே. தன் சமயத்தில் உறுதியாக நிற்றலும் பிறரை வரவேற்றலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இவர் வாழ்க்கை சான்றாகும்.

கொழும்பிலும் கண்டியிலும் நிகழ்ந்தவற்றையே இதுவரை கூறினேன். கிராமத்துப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தவை அரசினர் முஸ்லிம் கலவன் பாடசாலைகள். அப்பெயர்ப் பலகை தொங்கிய ஓலைக் கொட்டில்களை நேயர்களிற் பலர் நினைவுகூர்வர். அங்கே தமிழும் கணக்கும் கற்பிக்கப்பட்டன. ரமழானிலே விடுமுறை விடப்பட்டது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இடமளிக்கப்பட்டது. நாளடைவில் அறபும் இஸ்லாமும் பாடங்களாயின. மௌலவி ஆசிரியர்கள் நியமனம் பெற்றனர். இவை சிறிய ஒழுங்குகளாகத் தோன்றலாம். ஆயினும் பாடசாலை நம்மைப் பறித்துக்கொள்ள வரவில்லை என்ற நம்பிக்கையைக் கிராமத்துத் தந்தைக்கு அவையே ஊட்டின.

கலாநிதி கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த குழு 1943ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. அப்போது கல்வி அமைச்சராய் இருந்தவர், முன்னர் கம்பளை ஸாஹிறாவின் அதிபராய்ப் பணியாற்றிய பதியுதீன் மஹ்மூத் அவர்கள். 1999ஆம் ஆண்டில் முதலாந் தரத்திலிருந்து நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்திலே முதன்மைப் பாடங்கள் தாய்மொழி, கணிதம், சுற்றாடல்சார் செயற்பாடுகள், சமயம் என வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே, தன் மொழியிலேயே, பாடசாலையிற் கற்கின்றது. சித்தி லெப்பை கைப்பொருளைச் செலவிட்டும் காண முடியாத ஒன்றை இன்று அரசே செய்கின்றது.

அவ்வாறாயின் வினா தீர்ந்துவிட்டதா? தீரவில்லை, நேயர்களே. சட்டத்தில் இசைவு வந்துவிட்டது. பிள்ளையின் ஒருநாட் பொழுதில் அது இன்னும் வரவில்லை.

என் பாடசாலையில் நான் கண்டதைச் சொல்லுகின்றேன். ஐந்தாந் தரத்துச் சிறுமி ஒருத்தி முதற் பாடவேளையிலேயே நாள்தோறும் உறங்கி விழுந்தாள். கவனமில்லாதவள் என்று வகுப்பாசிரியர் முறையிட்டார். அழைத்து விசாரித்தேன். சுபஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆன் மத்ரஸா, அங்கிருந்து நேரே பாடசாலை, பாடசாலை விட்டதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான தனியார் வகுப்பு, மஃரிபுக்குப் பின் மீண்டும் ஓதல், அதன்பின் வீட்டுப்பாடம். பத்து வயதுப் பிள்ளை அவள். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். நெடுநேரம் எண்ணிவிட்டு, வெள்ளிக்கிழமை பிடிக்கும் என்றாள். அன்று ஓதல் இல்லை, பாடசாலையும் நேரத்தோடு விட்டுவிடும்.

அம்மறுமொழி என்னை உறங்கவிடவில்லை. சமயமும் கல்வியும் அப்பிள்ளையிடம் போட்டியிட்டு நிற்கவில்லை. பெரியோராகிய நாமே அவள் நேரத்தைப் பங்கிடுவதிற் போட்டியிட்டு நின்றோம். மத்ரஸா உஸ்தாது பாடசாலையை அறியார். பாடசாலை அதிபர் உஸ்தாதை அறியார். தனியார் வகுப்பாசிரியர் இருவரையும் அறியார். மூன்று சுமைகளையும் அறிந்தவள் அச்சிறுமி ஒருத்தியே.

மறுநாள் மத்ரஸா உஸ்தாதைக் காணச் சென்றேன். என்னைவிட இளையவர். குறைகூற வந்திருக்கின்றேன் என்று எண்ணினார் போலும், முகம் இறுகியிருந்தது. நான் இப்னு கல்தூனின் பெயரைச் சொன்னேன். அவர் அந்நூலை அறிந்திருந்தார். அவ்வளவிற் பேச்சு இளகிற்று. அதன்பின் பெற்றோரையும் அழைத்து மூவருமாய் அமர்ந்து பேசினோம். காலை ஓதல் அரைமணி நேரமாகக் குறைந்தது. மாலை ஓதல் சிறு பிள்ளைகளுக்கு நிறுத்தப்பட்டது. ஓதும் சூறாவின் பொருளை எளிய தமிழிற் சொல்லிக் கொடுக்க உஸ்தாது ஒப்புக்கொண்டார். அதே வாரத்தில் இஸ்லாம் பாட ஆசிரியை அச்சூறாவையே வகுப்பில் எடுத்தார். பெரிய சீர்திருத்தம் என்று இதனைக் கூறமாட்டேன். பெற்றோர் எல்லாரும் உடன்பட்டனர் என்றும் கூறமாட்டேன். கையில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்னும் பழைய அச்சம் சிலரை இன்னும் விடவில்லை. ஆயினும் அச்சிறுமி முதற் பாடவேளையில் விழித்திருக்கின்றாள்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பவை மூன்று என்பேன். பொருள் புரியாத ஓதலும் பயன் விளங்காத மனனமும் ஒரே குறையின் இரு முகங்கள். அக்குறை மத்ரஸாவிலும் உண்டு, பாடசாலையிலும் உண்டு. இரண்டிடத்தும் தாய்மொழியே அதற்கு மருந்து. அடுத்து, பிள்ளையை வருத்திக் கொடுக்கும் கல்வி, அது எவ்வளவு புனிதமானதாயினும், வெறுப்பையே விதைக்கும். மூன்றாவதாக, இருவகைக் கல்வியையும் கொடுப்போர் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் வேண்டும். மருதானையிற் பள்ளிவாசலும் பாடசாலையும் அருகருகே எழுந்தமையின் உட்பொருள் அதுவே.

முடிக்குமுன் என் உம்மம்மாவிடம் திரும்புகின்றேன். நான் இரண்டாம் வகுப்பிற் படித்த காலத்தில் அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. ஒருநாள் மாலை நான் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அருகே வந்தமர்ந்து, "என்ர பேரைத் தமிழில எப்படி மனெ எழுதுற?" என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். அவர் குச்சியை வாங்கி, வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கை தடுமாற, இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாய்ப் பார்த்து எழுதினார். பல மாலைகள் அப்பயிற்சி நடந்தது. பிறகு தாம் சிறுமியாய் ஓதிய மரப்பலகையைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். அதைக் கழுவித் துடைத்து, அலிபு என்னும் முதலெழுத்தைத் தம் கையால் எழுதி என் மடியில் வைத்தார்.

வயல் திரும்பி வரவில்லை. ஆனால் அதன்பின் தம் பெயருக்கு வந்த தாள் எதனிலும் அவர் பெருவிரல் வைத்ததில்லை. எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை கந்தோர்க்காரரைக் காத்திருக்கச் செய்வார். அதன்பிறகே தம் பெயரை எழுதுவார்.